நின்று பார்க்காத கையெழுத்து

இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் வார்டில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது ஒரே கேள்வி காதில் விழுகிறது. "நான் செய்வதைக் கொஞ்சம் நின்று பார்க்கிறீர்களா?" நர்சிங் படிக்கும் பிள்ளைகள் கேட்டால் சரி. நேற்று, வேறு வார்டிலிருந்து மாறி வந்திருந்த தலை நரைத்த ஒரு நர்ஸும் அதையே கேட்டார். எங்கள் வார்டில் இருக்கும் மருந்து பம்பை அவர் இதுவரை தொட்டதில்லையாம். கூச்சமே படாமல் என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, ஒவ்வொரு பொத்தானையும் சொல்லிச் சொல்லி அழுத்தினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். நம் பக்கத்தில் வேலை செய்யும்போது ஒருவர் பின்னால் வந்து நின்று பார்த்தால், நம்மேல் சந்தேகம் என்று அர்த்தம். முகம் சுருங்கிப்போகும். எனக்கு இன்றைக்கும் சுருங்குகிறது.

வந்த புதிதில் பட்ட பாடு சொல்லி மாளாது. நெய்வேலியில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான். மே மாத வெயிலில் மயங்கி விழுந்து, நரம்பெல்லாம் சுருங்கிப்போய் வரும் ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குப் பேசிக்கொண்டே டிரிப்ஸ் ஊசி போட்டவன். இங்கே பரீட்சை எழுதிப் பாஸான பிறகும் கையில் ஒரு நீலக் குறிப்பேட்டைக் கொடுத்தார்கள். ஊசி போட, இரத்தம் எடுக்க, டிரிப்ஸ் ஏற்ற, எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம். இத்தனை முறை ஒருவர் முன்னால் செய்து கையெழுத்து வாங்கும்வரை எதையும் தனியாகத் தொடக்கூடாது. எனக்குக் கையெழுத்துப் போட வேண்டியவள் ஜேன். என் தங்கையைவிடச் சின்னவள். என் பக்கத்தில் நின்று, நான் கை கழுவும்போது விரலிடுக்குகளைக்கூடப் பார்த்தாள். அன்றைக்கு அறைக்குப் போய் சாப்பிடப் பிடிக்காமல் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன். பெட்டியைக் கட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

என் குறிப்பேடு நிறைந்து, மாணவர்களை என்னோடு அனுப்பத் தொடங்கிச் சில வருடம் கழித்து வந்தவள் எமிலி. இரண்டாம் வருட மாணவி. ஒரு காலையில் வேலை தலைக்குமேல் இருந்தது. வயிற்றில் போடும் சின்ன ஊசி ஒன்றைத் தட்டில் வைத்து அவளிடம் கொடுத்து, போட்டுவிட்டு வா என்றேன். "அதற்கு எனக்கு இன்னும் கையெழுத்து ஆகவில்லை. தனியாகச் செய்ய மாட்டேன்" என்றாள், சிரித்துக்கொண்டே. சோம்பேறிக் கழுதை என்று மனதுக்குள் திட்டிவிட்டு, தட்டை அவள் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கி நானே போட்டுவிட்டு வந்தேன். மதியம் ஜேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அவள் வேலையை மறுக்கவில்லை. தன்னால் எது முடியாது என்று உன்னிடம் சொன்னாள். அதற்கு நீ நன்றி சொல்லியிருக்க வேண்டும்" என்றாள். போய் நன்றி சொன்னேன். எதற்கு நன்றி என்று எமிலி விழித்தாள். எனக்கும் அப்போது சரியாகத் தெரியவில்லை.

தெரியாது என்று சொல்வதற்கு நாங்கள் பழகவில்லை. நான் வேலை பார்த்தது நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்து என்ற ஊர்ப் பக்கம் இருந்த ஒரு சின்னத் தனியார் மருத்துவமனை. நர்சிங் கல்லூரிப் பிள்ளைகள் இருபது பேர் ஒரே வேனில் வந்து இறங்குவார்கள். ஒரு கட்டிலைச் சுற்றி இருபது பேரும் நிற்பார்கள். தைரியசாலிகள் இரண்டு மூன்று பேர் முன்வரிசையைப் பிடித்து எல்லாவற்றையும் செய்து கற்றுக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு முன்னால் நிற்பவளின் ஜடைதான் தெரியும். கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் "தெரியும்" என்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்களில் கைதேர்ந்தவர் வளர்மதி அக்கா. அவர் நர்சிங் படித்தவரே இல்லை. உதவியாளராகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துப் பழகியவர். பட்டம் வாங்கிய நாங்கள் நரம்பு கிடைக்காமல் திண்டாடும்போது, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் வராது. அவர் போட்ட ஊசிக்கு நாங்கள் கையெழுத்துப் போடுவோம்.

பிள்ளைகளிடமும் ஒரு புத்தகம் இருந்தது. ப்ரொசீஜர் புக் என்போம். பார்த்தது, உதவியது, தானே செய்தது என்று மூன்று கட்டம் போட்டிருக்கும். எதற்கு எத்தனை முறை என்ற கணக்கும் இருக்கும். எங்கள் வழக்கம் இதுதான்: பயிற்சிப் போஸ்டிங் முடியும் நாளில் இருபது புத்தகமும் மேசையில் அடுக்கப்படும். டீ குடித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் கையெழுத்துப் போடுவோம். யார் புத்தகம் என்று மேலட்டையைக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் போட்டார்கள். என் புத்தகத்திலும் அப்படித்தான் விழுந்தது.

அப்படி ஒரு கடைசி நாளில்தான் பர்வீன் வந்து நின்றாள். சேத்தியாத்தோப்பில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். எப்போதும் பின்வரிசை. ஆண் நர்ஸை எங்கள் பக்கம் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பிரதர், டிரிப்ஸ் ஊசி மட்டும் நான் ஒரு தடவகூட போடல. செஞ்சதா எழுதியிருக்கேன். இப்ப ஒருத்தருக்குப் போடறேன், நின்னு பாக்கறீங்களா?"

எனக்கு ஷிப்ட் முடிந்திருந்தது. டவுன்ஷிப் போகும் பஸ் வரும் நேரம். "அதெல்லாம் வேலைக்கு வந்தா தானா வரும், போ" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டேன். அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது ஞாபகம் இருக்கிறது. அடுத்த சில மாதங்களில் நான் விமானம் ஏறிவிட்டேன்.

போன கோடையில் விடுமுறைக்குப் போயிருந்தேன். அப்பா நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறார். நான் போன நாலாம் நாள் காலையிலிருந்து அவருக்கு ஓயாத வாந்தி. மதியத்துக்குள் நாக்கு வறண்டு, எழுந்து நிற்கவே தள்ளாடினார். ஆட்டோவில் தூக்கிப்போட்டு என் பழைய மருத்துவமனைக்கே கொண்டுபோனேன். டாக்டர் பார்த்துவிட்டு, உடனே டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார். தட்டை எடுத்துக்கொண்டு வந்த சிஸ்டர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பர்வீன்.

"பிரதர், நீங்களா? எப்ப வந்தீங்க?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கண் அவள் கையிலேயே இருந்தது. ரப்பர் பட்டையைக் கட்டினாள். அப்பாவின் புறங்கையைத் தட்டிப் பார்த்து ஊசியை ஏற்றினாள். இரத்தம் வரவில்லை. அந்த இடம் புடைத்துக்கொண்டது. பஞ்சை வைத்து அழுத்தினாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா, சீமைக்குப் போயி இதத்தான செஞ்சுக்கினு இருக்க? நீ போடேன்டா."

பர்வீன் தட்டை என் பக்கம் நீட்டினாள். "போடுங்க பிரதர். இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

உண்மைதான், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். என் கை பாதி தூரம் போய்விட்டது. கிடந்து தவிப்பது என் அப்பா. ஒரு நிமிட வேலை. ஆனால் தட்டை வாங்கினால் அவள் மறுபடி பின்வரிசைக்குப் போய்விடுவாள் என்று பட்டது. அனுமதி, சட்டம் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று சொன்னால் பொய். கையை இழுத்துக்கொண்டேன்.

"நீயே போடு. நான் நின்னு பாக்கறேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்பாவின் கையைத் தொங்கவிடச் சொன்னேன். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றச் சொன்னேன். முழங்கைக்குக் கீழே பார்க்கச் சொன்னேன். எல்லாம் செய்தாள். நிதானமாக, சரியான கோணத்தில் ஏற்றினாள். இந்தத் தடவையும் கிடைக்கவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். இன்னொரு முறை பார் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பட்டையை அவிழ்த்துவிட்டாள்.

"ஐயா, எனக்குக் கெடைக்கல. தெரிஞ்சவங்களக் கூப்புடறேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். பிறகு என்னிடம், "ரெண்டு தடவைக்கு மேல நான் யாரையும் குத்த மாட்டேன் பிரதர்" என்றாள்.

எங்கள் இங்கிலாந்து வார்டில் இதே விதியை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இந்த மருத்துவமனைச் சுவரில் மாதா காலண்டர்தான் தொங்கியது. இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. வேலைக்கு வந்த மொத மாசம், ஒரு கைக்கொழந்த வந்துச்சு, பொண்ணு. பேதி. பர்வீனுக்கு எல்லாம் தெரியும், புக்குலயே இருக்குதுன்னு என்னையத் தனியா அனுப்பிட்டாங்க. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல பிரதர். ஏழு தடவ குத்துனேன். ரெண்டு கை, ரெண்டு காலு. அழுது அழுது அதுக்குச் சத்தமே வரல. அப்புறம் வளர்மதி அக்கா வந்து போட்டுக் காப்பாத்துனாங்க."

நான் மன்னித்துவிடு என்றேன்.

"எனக்கு எதுக்கு பிரதர்?" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அந்தப் பொண்ணுக்கு இப்ப அஞ்சு வயசு இருக்கும். வடக்குத்துலதான் இருக்குது."

வளர்மதி அக்கா வந்தார். முடி நரைத்திருந்தது. "இன்னா பிரதர், எளச்சிட்டீங்க" என்று கேட்டுக்கொண்டே அப்பாவின் கையைத் தடவி, ஒரே முறையில் ஏற்றிவிட்டார். பர்வீன் அவர் பக்கத்தில் குனிந்து நின்று, விரல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். டிரிப்ஸ் சொட்டத் தொடங்கிய பிறகு அப்பா கண்ணைத் திறந்து, "பெத்த அப்பனுக்குப் போட மாட்டேன்னுட்டியேடா" என்றார். இரண்டு நாளில் வீடு திரும்பிவிட்டார். அந்த வருத்தம் மட்டும் இன்னும் போகவில்லை. போனில் பேசும்போதெல்லாம் குத்திக்காட்டுகிறார்.

திரும்பி வந்த வாரம் எமிலி தன் குறிப்பேட்டை நீட்டினாள். இரத்தம் எடுக்கும் பக்கம். அவள் செய்ததை மூன்று முறை நின்று பார்த்திருந்தேன். நன்றாகவே செய்தாள். இருந்தாலும் இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று, அச்சு அசலாக நம் ஊர் முகம் போல. எனக்கு அவள்மேல் நம்பிக்கை இல்லை என்று ஜேனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஜேன் கேட்டபோது, "எமிலியிடம் குறை ஒன்றுமில்லை" என்று மட்டும் சொன்னேன். மீதியை ஆங்கிலத்தில் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. மறுநாள் நாலாவது முறையும் நின்று பார்த்துவிட்டு, என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சேத்தியாத்தோப்பில் ஏதோ ஓர் அலமாரியில் கிடக்கும் பர்வீனின் புத்தகத்திலும் இதே கையெழுத்துதான், இதே வளைவோடு இருக்கிறது.

அந்த விடுமுறையில், அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, ஊரில் எனக்கு இன்னும் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. வீட்டில் உட்கார முடியவில்லை. மாலையில் வடக்குத்துத் தெருக்களில் சும்மா நடந்தேன். கோடை விடுமுறை, தெரு முழுக்கப் பிள்ளைகள். அஞ்சு வயது இருக்கும் பெண் பிள்ளையைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும். ஒருத்தி ஓடிவந்து, உள்ளங்கையில் வைத்திருந்த புளியங்கொட்டைகளை என்னிடம் காட்டினாள். நான் கொட்டையைப் பார்க்கவில்லை. கையைத் திருப்பி, புறங்கையில் ஏதாவது ஊசித் தழும்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மா வாசலிலிருந்து, "யாருங்க நீங்க, எந்த ஊரு?" என்று கேட்டாள்.