ஸ்டெல்லா அக்காவின் அடக்கத்துக்குப் போகும் வழியில்

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார்.

நேற்று சாயங்காலம் நெஞ்சுவலி. பீர்மேட்டிலிருந்து ஜீப்பில் கோட்டயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே... முண்டக்கயம் கூடத் தாண்டவில்லையாம். விடிந்ததும் அவருடைய தம்பி அந்தோணி அண்ணன் போனில் சொன்னார்.

நான் இப்போது குமுளி மலைக்கு அடியில், லோயர் கேம்ப்பில், வாடகைக் காருக்குள் உட்கார்ந்திருக்கிறேன். கோடை மழை. மேலே மரம் சாய்ந்து மண்ணும் சரிந்து ரோடு ப்ளாக்.

பீர்மேட்டில் நாலு மணிக்கு அடக்கம். மூன்று தாண்டிவிட்டது. மேலே ஏற வேறு வழி தெரிந்தவர்கள் உடனே கமெண்டில் சொல்லுங்கள்... ப்ளீஸ். கம்பமெட்டுப் பக்கமும் விடவில்லை என்கிறார்கள்.

சும்மா இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டு போட்டோ போடும்போதெல்லாம் 'இந்தப் பழைய சாமானெல்லாம் எங்கே பிடிச்சீங்க' என்று கேட்பீர்களே... எல்லாம் ஸ்டெல்லா அக்கா கடை. எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது வருகிற பொருள்களை வாங்கி விற்பார். ரோட்டோரம், தகரக் கூரை. பிரம்பு நாற்காலி, எனாமல் கூஜா, பூப்போட்ட பீங்கான் தட்டு.

கல்யாணமான புதிதில், எங்கள் ஊர்ப் பெருமாட்டி வெயில் தாங்காமல் நானும் என் வீட்டுக்காரரும் மலைக்குப் போனோம். மழைக்கு ஒதுங்கின இடம் அந்தக் கடை. பித்தளைக் கொக்கி வைத்த தொப்பி ஸ்டாண்ட் ஒன்று நின்றிருந்தது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"ஏனுங்க, இது என்ன வெலைங்க?" என்று கேட்டார் இவர்.

"வெலை கெடக்கட்டும். வீட்டுல எங்க வைப்பீக?" என்றார் அக்கா.

வாசல் எந்தப் பக்கம், ஜன்னல் எங்கே, சாயங்கால வெயில் எந்தச் சுவரில் விழும்... எல்லாம் கேட்டார். கதவுக்கு வலது பக்கம், உள்ளே வருகிறவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைப்போம் என்று முடிவான பிறகுதான் கொடுத்தார்.

"எஸ்டேட்டுக் கூலி லயத்துல ஒத்த ரூமுல வளந்தவ நான். ஆணி அடிக்கக்கூட செவத்துல எடம் கெடையாது. அதான் அடுத்தவுக வீட்டுல வச்சுப் பாக்கேன்" என்று சிரித்தார்.

பிறகு ஒவ்வொரு கோடைக்கும் மலைதான். அக்காவும் கடையைப் பூட்டிவிட்டு அந்தோணி அண்ணன் ஜீப்பில் எங்களோடு ஏறிக்கொள்வார். பருந்துப்பாறைக் காற்றில் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டே கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் பிரித்து வைப்பார். இவர் சைவம் என்பதால் தனியாகக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையல், மறக்காமல்.

போன வருஷம் தையில் இவர் போனார். தோப்புக்குத் தண்ணீர் விடப் போனவர்... மோட்டார் ஸ்விட்சில் கரண்ட். உங்களில் பலருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வீட்டில் எதையும் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் பழைய சேலைகளில் சுற்றிக் கட்டி முன் ரூமில் குவித்தேன். அக்காவுக்குப் போன் செய்தேன். "ஜீப்பு கொண்டாந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்கக்கா. எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க."

சாமான்கள் போன பிறகு நானும் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

அக்கா வந்தார். பஸ்ஸில், தனியாக, அந்தச் சித்திரை வெயிலில் வேர்த்து வழிய.

"ஜீப்பு எங்கக்கா?"

"ஜீப்பு எதுக்கு? நான் வீடு பாக்கல்லா வந்திருக்கேன்."

ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். எங்கள் வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்தது அன்றுதான்... ஆனாலும் ஒரு பொருளைக்கூட எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்கவில்லை. தொப்பி ஸ்டாண்டைத் தூக்கிக் கதவுக்கு வலது பக்கம் நிறுத்தினார்.

"தம்பி துண்டு எங்க?"

இவர் துண்டைத் துவைத்து மடித்து பீரோவில் பூட்டியிருந்தேன். எடுத்துவரச் சொல்லிக் கொக்கியில் மாட்டினார். சாவு வீட்டில்கூட வாய்விட்டு அழாதவள் நான்... அப்போதுதான் கத்தி அழுதேன். அழாதே என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு வாரம் போல என்னோடு இருந்தார். ஒரு நாள் பக்கத்துச் சித்தூர்ப் புழை ஆற்றுக்குப் போனோம். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "எங்க மலைத் தண்ணி ஐஸு மாதிரி இருக்கும். இது என்னம்மா, வெந்நி போட்டு விட்டிருக்காக" என்றார்.

சிரித்துவிட்டேன். இவர் போன பிறகு முதல் சிரிப்பு.

போன வாரம் பேசினபோது, "இந்த வட்டம் ஒண்ணும் வாங்க வேண்டாம். கடைய அடச்சுட்டு வாகமண்ணுக்குப் போயி ரெண்டு பேரும் புல்லுல படுத்துக் கெடப்போம்" என்றார். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

...

இப்போது அந்தோணி அண்ணன் வீடியோ காலில் வந்தார். பின்னால் வரிசையாகக் குடைகள்.

"ஃபாதர் இதுக்கு மேல பொறுக்க ஒக்காதுன்னுட்டாரும்மா. மழை கூடுது. குழிக்குள்ள தண்ணி எறங்குது."

"கொஞ்ச நேரமுங்கண்ணா... ஒரு அரை மணி நேரம்... கும்பிட்டுக் கேக்கறேனுங்க."

அவர் அழுதுகொண்டிருந்தார். முகத்தையாவது காட்டுங்கள் என்றேன். போனைத் திருப்பினார். பெட்டியின் ஓரம் தெரிந்தது, வெள்ளைத் துணி தெரிந்தது... கட் ஆகிவிட்டது. திரும்பத் திரும்ப அடிக்கிறேன். போகவே இல்லை.

...

ரோட்டைத் திறந்துவிட்டார்கள். மணி ஐந்தரை. முன்னால் லாரிகள் நகர்கின்றன. வழி சொன்னவர்களுக்கு நன்றி. இனி யாரும் தேட வேண்டாம்.

டிரைவர் மயில்சாமி கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அக்கா... எல்லாம் முடிஞ்சிருக்குமுங்க. ஊருக்கே திரும்பீரலாமுங்களா?" என்று கேட்டார்.

மேலே போகச் சொல்லிவிட்டேன். அங்கே போய் யார் முகத்தைப் பார்ப்பேன்... தெரியவில்லை.

போய் வாருங்கள் அக்கா. மண் ஈரமாக இருக்கும். மழை விடுகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.