கிடா விருந்தில் சொன்ன விலகல்

தங்கையின் கணவரும் நானும் உசிலம்பட்டியில் கூட்டாக மாட்டுத்தீவனக் கடை நடத்தினோம். நான் அதிலிருந்து விலகியபோது எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. வில்லாபுரத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்ததில் என் முதுகு போய்விட்டது, அவ்வளவுதான். முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். எழுதித் தந்த வக்கீலம்மா, இது பதிவு செய்த கூட்டுத்தொழில், பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அரசிதழிலும் உள்ளூர்த் தமிழ்ப் பேப்பரிலும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றார்.

அதைக் கேட்டதும் தங்கை அழுதாள். எங்கள் பக்கம் 'இன்னாரோடு இன்று முதல் தொடர்பில்லை' என்று பேப்பரில் வந்தால், அந்த இன்னார் கல்லாவில் கைவைத்தவன் என்றுதான் அர்த்தம். "அவுகளத் திருடன்னு ஊருக்கே சொல்லப் போறியாண்ணே?" என்று கேட்டாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மாதமே அழகர்கோவிலில் எங்கள் வீட்டு நேர்த்திக்கடன் இருந்தது. கிடா வெட்டிப் பந்தி நடந்தபோது எழுந்து நின்று, இனி கடை மாப்பிள்ளையுடையது, எனக்கும் அதற்கும் வரவு செலவு இல்லை என்று சொன்னேன். சொந்தக்காரர்கள், தரகர்கள், சந்தை வியாபாரிகள் எல்லாரும் தலையாட்டினார்கள். இத்தனை பேர் காதில் விழுந்தபின் பேப்பர் எதற்கு என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அந்தப் பந்திக்கு வராத ஆட்களும் உண்டு. என் காலத்திலிருந்தே எங்களுக்குப் பருத்திக்கொட்டை அனுப்பிய ஒரு வெளியூர் மில் அப்படி. மாப்பிள்ளை அவர்களிடம் தொடர்ந்து கடனுக்குச் சரக்கு எடுத்தார், அதுவும் இருவர் பேரும் அச்சடித்த பழைய தாளிலேயே எழுதி. அதில் சூது இல்லை. கட்டுக் கட்டாக மிச்சம் கிடந்த தாளை வீணாக்க மனமில்லாத சிக்கனம். இரண்டு வருடத்தில் கடை கவிழ்ந்தது, அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வருத்தப்பட்டேன். என் பேருக்கும் கோர்ட்டிலிருந்து சம்மன் வரும் என்று நினைக்கவில்லை.

மறுபடி வக்கீலம்மாவிடம் போனேன். கிடா விருந்துக் கதையை அவர் சிரிக்காமல் கேட்டதே பெரிய விஷயம்.

"மில்காரங்க விருந்துக்கு வந்தாங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப அவங்களப் பொறுத்தவரைக்கும் நீங்க இன்னும் பார்ட்னர்தான்."

மாப்பிள்ளை திவாலானாலும் முழுக் கடனையும் என்னிடம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டாம். நானும் மஞ்சள் கடுதாசி கொடுத்தால் என்ன என்று கேட்டேன். கொடுக்கலாம், வீட்டைக் கோர்ட் எடுத்து விற்கும் என்றார். அதற்குப் பதில் நானே விற்றுவிட்டேன். மில் கணக்கு முடிந்தது. அதே வில்லாபுரத்தில் மாடி வீடு ஒன்றுக்கு வாடகைக்குப் போனோம். மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கூடப்பிறந்தவள் இருக்கிறாள், அது போதும் என்று மனைவியிடமே சொல்லியிருக்கிறேன்.

அந்த வருடமும் தை பிறக்கும் முன் வழக்கம்போல் உசிலம்பட்டிக்கு, தங்கைக்குப் பொங்கல் சீர் எடுத்துப் போனேன். புதுப் பானை, பச்சரிசி, வெல்லம், சேலை, ஒரு கட்டுக் கரும்பு. வாசலுக்கு வந்தவள் எதையும் வாங்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

"இனிமே சீர் கொண்டு வராதண்ணே. அன்னைக்கு நான் அழுகாம இருந்திருந்தா உனக்கு வீடு நின்னிருக்கும். எந்த மூஞ்சிய வச்சு நான் இதை வாங்குறது?"

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுவது கேட்டது. பானையையும் பையையும் கையில் எடுத்து, கரும்பைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

மதுரை பஸ்ஸில் கண்டக்டர் கரும்புக் கட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். சீர் எந்த ஊருக்கு, தங்கச்சிக்கா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லி, மதுரைக்கு டிக்கெட் வாங்கினேன்.