படுக்க ஓர் இடம் கேட்டேன்

என் கணவருக்கு வந்திருப்பது காசநோய் என்று எங்களுக்குத் தெரிந்த மறுநாளே நாங்கள் வாடகைக்கு இருந்த சந்து முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பி.எச்.ஐ. என்று எல்லோரும் சொல்கிற சுகாதாரப் பரிசோதகர் வீட்டைப் பார்க்க வந்திருந்தார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் பேசினார். ஆனால் எங்கள் அறைக்கு நான்கு பக்கமும் பலகைதான். பேசியதெல்லாம் பக்கத்து அறைக்குக் கேட்டுவிட்டது. அவர் போன பிறகு நான் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனேன். நின்றிருந்த பெண்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். நான் பிடித்து முடித்ததும் ஒருத்தி சவர்க்காரம் போட்டு அந்தக் குழாயைக் கழுவினாள்.

முத்துமாரியை நம்பி வாழும் என் சொந்தங்களே, என் பெயர் செல்வராணி. கந்தப்பளைக்கு மேலே உள்ள நம் தேயிலைத் தோட்டத்தில், கீழ் லயத்து வரிசை அறை ஒன்றில் பிறந்தவள். உங்களில் பலரோடு கொழுந்து பறித்தவள். ஆத்தா எனக்குச் செய்ததைத் திருவிழா மலரில் எழுதச் சொல்லிக் கோயில் கமிட்டி கேட்டது. எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தோட்டத்தில் வேலை நாட்கள் குறைந்தபோதுதான் நாங்கள் கொழும்புக்குப் போனோம். என் கணவர் மோகன் வலப்பனைப் பக்கத்தவர். நல்ல உடம்பு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் மாவு மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. நான் இரண்டு மாடி வீடுகளில் சமையலுக்கும் துப்புரவுக்கும் போனேன். கொட்டாஞ்சேனைக்குக் கீழே, துறைமுகச் சுவரை ஒட்டிய சந்து ஒன்றில் மேல்மாடி அறை எடுத்தோம். அப்படிப்பட்ட நெருக்கமான குடியிருப்பை அங்கே ‘தோட்டம்’ என்றுதான் சொல்வார்கள். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தேயிலை இல்லாத தோட்டம். மரப்படி, தகரக் கூரை. கொள்கலன் லொறி போனால் பலகை அதிரும். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். எங்கள் மகள் கீர்த்தி கப்பல் கூவுவதைக் கேட்டே எழும்பப் பழகினாள். அந்த ஒரே அறையில் சில வருடங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

பிறகு அவருக்கு இருமல் பிடித்தது. மாவுத் தூசு என்றார். மாலையில் காய்ச்சல் வந்தது. உடம்பு வற்றியது. ஒருநாள் துணியில் இரத்தம் பார்த்தேன். நெஞ்சுநோய் கிளினிக்கில் சோதித்துச் சொன்னார்கள். என்னையும் மகளையும் சோதித்தார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை. மருந்தை விடாமல் குடித்தால் குணமாகும், கொஞ்ச நாள் போனால் மற்றவர்களுக்கும் தொற்றாது என்று விளக்கினார்கள். அதை நான் சந்தில் யாருக்குச் சொல்ல? கேட்க யாரும் நிற்கவில்லை.

நான் வேலைக்குப் போன வீடுகளில் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கீர்த்தியின் வாங்குப் பலகையில் அவள் மட்டும் இருந்தாள். அந்த வார முடிவில் வீட்டுக்காரர் சுப்பையா முதலாளி படிக்குக் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார். மேலே ஏறி வரவில்லை.

“மத்த ரூம்காரங்க எல்லாரும் போறோம்னு நிக்கிறாங்கம்மா. நான் என்ன செய்ய? மாசம் முடியிறதுக்குள்ள வேற எடம் பாத்துக்குங்க.”

அவரைத் திட்டி எழுத எனக்கு மனமில்லை. அவருக்கும் பயம்.

அந்த மாதம் முழுக்க நான் அறை தேடினேன். முகத்துவாரம், மட்டக்குளி என்று நடக்காத தெரு இல்லை. எந்த ஊர் என்பார்கள். கந்தப்பளை என்றால், ‘எஸ்டேட்டா’ என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். எத்தனை பேர், கணவருக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். அதற்குமேல் நான் மறைக்கவில்லை. மறைத்துப் போனாலும் அவருடைய இருமல் சொல்லிவிடும். மட்டக்குளியில் ஒரு அம்மா சாவியைக் கையில் எடுத்துவிட்டார். நோயைச் சொன்னதும் அதைத் திரும்பவும் சேலை மடியில் செருகிக்கொண்டார். பாவம், அவர் கண்ணிலும் தண்ணீர்.

ஒரு மாலை வெறுங்கையோடு திரும்பி வந்தபோது என் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

“நான் இல்லன்னா ஒங்க ரெண்டு பேருக்கும் எடம் கெடச்சிரும் ராணி” என்றார்.

அடுப்பைப் பற்றவைத்தேன். அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

மாதம் முடிய இருந்தபோது தம்பி ரமேசிடம் கேட்டுப் பார்ப்போம் என்று நான் மட்டும் கந்தப்பளைக்கு பஸ் ஏறினேன். தம்பி இன்னும் நம் லயத்தில்தான் இருக்கிறான். போய் இறங்கினால் ஒரே பனி. லயத்து அறைக்குள் நுழைந்தபோது தம்பி மனைவி சுமதி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறந்த பிள்ளை, கண் திறந்தும் திறக்காமலும் இருந்தது. அந்த ஒரே அறையில்தான் சமையல், படுக்கை எல்லாம். எங்களை எங்கே வைப்பது?

தம்பி வேலை முடிந்து வந்து என் முகத்தைப் பார்த்தான். “மாமாவுக்கு ஒடம்பு முடியலன்னா கூட்டிட்டு வந்துருங்கக்கா. இருக்குறதுல இருந்துக்குவோம்” என்றான். நல்ல பிள்ளை. என்ன நோய் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கு அந்தச் சின்ன உயிரைத் தாண்டி வாய் திறக்கவில்லை. சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லித் தேத்தண்ணீரைக் குடித்தேன்.

இருட்டும் முன் கோயிலுக்குப் போனேன். பூசை நேரம் இல்லை. இரும்புக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே விளக்கும் இல்லை. என் கல்யாணம் அந்தக் கோயிலில்தான் நடந்தது. கதவுக் கம்பியில் நெற்றியை வைத்து நின்றேன். கம்பி ஐஸ் மாதிரி இருந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு நாள் உனக்குச் செய்ததெல்லாம் எதற்கு என்று கேட்டேன். கோபம் அடங்கிய பிறகு என்னிடம் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

“ஆத்தா, அவர கொணமாக்குன்னு கேக்க எனக்குத் தெம்பு இல்ல. அவரு படுக்க ஒரு எடம் குடு. அது போதும்.”

பதில் ஒன்றும் கிடைக்கவில்லை. மணி அடிக்கவில்லை, பூ விழவில்லை. சாட்சி சொல்கிறவர்கள் அந்த இடத்திலேயே மனம் லேசாகிவிட்டது என்பார்கள். எனக்கு ஆகவில்லை. போன மாதிரியேதான் திரும்பி வந்தேன்.

மறுநாள் வழியெல்லாம் மழை. பஸ் நகர்ந்து நகர்ந்து கொழும்புக்கு வர மாலையாகிவிட்டது. சந்துக்குள் தண்ணீர் ஓடியது. மரப்படியில் ஏறினேன். எங்கள் அறைக்குப் புதுப் பூட்டு. நாங்கள் போட்ட பூட்டு இல்லை. தட்டினேன், கூப்பிட்டேன். பக்கத்து அறைப் பெண் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, முதலாளியின் ஆட்கள் சாமானை எல்லாம் இறக்கிவிட்டார்கள், அவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது என்று சொல்லி மூடிக்கொண்டாள்.

‘நான் இல்லன்னா’ என்று என் கணவர் சொன்ன வார்த்தைதான் எனக்குக் காதில் கேட்டது. துறைமுகச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல். மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாரா? படியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. சந்தின் நடுவில், மழையில் உட்கார்ந்துவிட்டேன். ஆத்தாவைக்கூடக் கூப்பிடவில்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

“அம்மா” என்று கீர்த்தியின் குரல் கேட்டது.

எதிர்வீட்டு வாசலில் நின்றாள். தலை துவட்டியிருந்தது. யாருடையதோ பெரிய சட்டை போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நஸீமா ராத்தா நின்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராத்தா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அக்கா. கணவர் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். விடியற்காலையில் இடியப்பம் அவித்து வீட்டு வாசலிலேயே விற்பவர். சந்து முழுக்க அவரிடம்தான் வாங்கும். நாங்களும் வாங்குவோம். அதற்குமேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை.

உள்ளே கூட்டிப் போனார். பின் அறையில் பாய் விரித்து என் கணவர் படுத்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. கிளினிக்கில் சொன்னபடி காற்று வர வேண்டும் என்று என் கணவர் சொல்ல, ராத்தா திறந்து வைத்திருக்கிறார். எங்கள் பானை சட்டி, துணி மூட்டை, ஆத்தா படம் எல்லாம் ஒரு மூலையில் துடைத்து அடுக்கியிருந்தன.

நான் அவரிடம், “ராத்தா, இவருக்கு என்ன நோய்னு தெரியும்தானே?” என்றேன்.

“சந்துக்கே தெரியும். எனக்குத் தெரியாதா மகள்?”

“இங்க வச்சிருந்தா ஒங்ககிட்ட யாரு இடியப்பம் வாங்குவாங்க?”

அவர் என் தலையைத் துவட்டத் துண்டை நீட்டினார். பிறகு சொன்னார். “பின்னேரம் அசருக்குத் தொழ நின்டேன். ஓதுறது வாயில வரல்ல. ஒங்கட புள்ள மழைல சாமானுக்குக் காவலா நிக்கிறதுதான் கண்ணுக்குள்ள நின்டிச்சு. அத அப்புடியே விட்டுட்டு தொழுது என்னத்துக்கு? எந்திரிச்சி போய் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வந்தேன்.”

பூட்டியிருந்த கோயில் கதவில் நான் கேட்டது ராத்தாவுக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொல்லவில்லை. படுக்க ஓர் இடம் கேட்டேன். என் கணவர் அங்கே படுத்திருந்தார். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

இதோடு துன்பம் முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை. நான் பயந்தது போலவே மறுநாள் ராத்தாவின் வாசலுக்கு யாரும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அவித்த இடியப்பம் தட்டோடு இருந்தது. எங்களுக்குச் சாப்பிடத் தந்தார், மிச்சத்தைக் காகத்துக்குப் போட்டார். எங்கள் முன்னால் முகம் சுளிக்கவில்லை. நாங்கள் போய்விடுகிறோம் என்றேன். எங்கே போவீங்க என்று கேட்டார்.

அதற்குள் என் கணவருக்குக் கண் மஞ்சளானது. குடித்த மருந்தே ஈரலைத் தாக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்து மருந்தை நிறுத்திவிட்டார்கள். மருந்து குடித்தால் ஈரல் போகும், குடிக்காவிட்டால் நெஞ்சு போகும். டாக்டர் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை. என் கணவர் கட்டிலில் ஒரு குச்சி மாதிரி கிடந்தார். அந்த நாட்களில் நான் ஆத்தாவிடம் எதுவும் கேட்கவில்லை. படத்துக்கு முன்னால் போவேன், விளக்கு வைப்பேன், சும்மா உட்கார்ந்திருப்பேன். இடம் கேட்டேன், கொடுத்தாள். ஆளைக் கேட்க மறந்துவிட்டேனே என்று நினைப்பேன். சாட்சி எழுதுகிற எனக்கு அப்போது நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இல்லை. விளக்கு வைக்கிற கை மட்டும்தான் இருந்தது.

ஒரு காலை அந்தச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம்தான் வரும். தட்டில் கிடந்த இடியப்பத்தைப் பார்த்தார், என்ன நடந்தது என்று கேட்டார். ராத்தா சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் வைத்தார். வாசல்படியில், குழாயடியில் நிற்கிற எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்தார்.

“எனக்கும் தாங்க. சம்பலும் போடுங்க” என்றார்.

நிதானமாகச் சாப்பிட்டார். அவசரமே இல்லை. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். யாருக்கும் புத்தி சொல்லவில்லை. கை கழுவிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்து அதே படியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் ஒருத்தி தட்டோடு வந்தாள். பிறகு இன்னொருத்தி. பழைய வியாபாரம் முழுதாகத் திரும்பவில்லை. இன்றும் சில வீடுகள் வேறு இடத்தில்தான் வாங்குகின்றன.

ஆஸ்பத்திரியில் மஞ்சள் மெல்ல இறங்கியது. மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்தத் தடவை உடம்பு தாங்கியது. நீண்ட சிகிச்சை. முடிந்த அன்று சளியில் கிருமி இல்லை என்று சொன்னார்கள். அவர் கிளினிக் வாசலில் நின்று, “சரி, வீட்டுக்குப் போவம்” என்றார். அவர் சொன்ன வீடு ராத்தாவின் பின் அறை.

இன்று அங்கேதான் இருக்கிறோம். ராத்தாவுக்கு வாடகை கொடுக்கிறோம். முதலில் வாங்க மறுத்தார், சண்டை போட்டுக் கொடுக்கிறேன். காலையில் அவரோடு நானும் மாவு பிழிகிறேன். தோட்டப் பக்கமிருந்து யாராவது கைப்பிள்ளையோடு அறை தேடி வந்தால் அவர்களுடன் நானும் வீடு வீடாக நடக்கிறேன். எத்தனையோ கதவுகள் மூடுகின்றன. ஏதாவது ஒன்று திறக்கும்வரை நடக்கிறோம்.

என் கணவரின் பழைய உடம்பு திரும்பவில்லை. ஒரு பக்க நெஞ்சு கெட்டுப்போய்விட்டது. மூட்டை தூக்க முடியாது. ஒரு களஞ்சிய வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார். நான் கேட்காததை ஆத்தா கொடுத்தாளா, பாதியில் நிறுத்தினாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கேட்டதும் அவளுக்குக் கேட்கும் என்று தெரியும். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். தெம்பில்லாவிட்டாலும் போய் நில்லுங்கள். முழுதாகக் கேட்க முடியாவிட்டால் கொஞ்சமாகக் கேளுங்கள். அவள் நாம் பார்த்திராத வாசல் வழியாக வருவாள்.

இந்தத் திருவிழாவுக்கு நாங்கள் மூவரும் வருகிறோம். நான் பாற்குடம் எடுக்கிறேன். அவருக்குக் கோயில் மேடு ஏற முடியாது, மூச்சு வாங்கும். கீழே பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருப்பார். பார்த்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். பயப்பட ஒன்றும் இல்லை.