அக்காவுக்கு மட்டும் ஒரு குரல்

காய்ச்சல் வந்து அக்காவின் காது மந்தமான பிறகு, எங்கள் வீட்டில் அப்பா அவளுடைய அப்பாவாகிவிட்டார். துறைமுகக் கந்தோரில் வேலை முடிந்து ஓர்ஸ் ஹில் மேடேறி வந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு நேரே உட்காருவார். என்னிடம் வரும் பேச்செல்லாம் நடக்கிற வழியில் எறியப்படுபவை. “செருப்பை உள்ளுக்கு வை.” “அம்மாட்டத் தேத்தண்ணி கேள்.”

அவளுக்கு நன்றாகவே காது கேட்கிறது என்பது என் கட்சி. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள், சரி. ஆனால் குசினியில் சட்டிமூடி விழுந்தால் முதலில் காதைப் பொத்துகிறவளும் அவள்தானே?

பள்ளிக்கூட விடுமுறைக்குக் மூதூருக்குப் பக்கத்திலுள்ள கட்டைபறிச்சானில் இருக்கும் மாமி வீட்டுக்குப் புறப்பட்டோம். மூதூர்வரை லோஞ்ச் என்ற இயந்திரப் படகில் போகும்போது முன்பக்கம் அப்பாவுக்குப் பக்கத்தில் நான் இருக்கலாம் என்று ஏற்கெனவே பேச்சு. ஏறியதும் அந்த இடம் அக்காவுக்குப் போய்விட்டது. இயந்திர இரைச்சலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தால்தான் அவளுக்குக் கதை விளங்குமாம். நான் அம்மாவுக்கும் ஒரு பலாப்பழத்துக்கும் நடுவில் இருந்தேன்.

நடுக்குடாவில் குறுக்கே ஒரு வள்ளம் வந்தது. லோஞ்ச்காரர் ஹோர்னை அழுத்தினார். அக்கா வீறிட்டுக்கொண்டு அப்பாவின் மடியில் விழுந்தாள். அவளை அணைத்தபடியே அப்பா, “அடிக்காதேங்கோ, பிள்ளைக்கு ஏலாது” என்று கெஞ்சினார்.

“காது கேளாத பிள்ளை எண்டல்லோ சொன்னனீங்கள்?” என்றார் லோஞ்ச்காரர்.

எனக்காகவே ஒருவர் பேசியதுபோல இருந்தது. “கேளாதெண்டது பொய்! அவளுக்கு எங்களைவிடக் கூடக் கேக்குது!” என்று கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா கரை வரும்வரை அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டதென்று நினைத்துப் பூரித்துப் போனேன்.

திரும்பி வந்ததும் காது டொக்டரிடம் போனோம். கள்ளம் பிடிபடுவதைப் பார்க்க நானும் அடம்பிடித்துப் போனேன். டொக்டர் தன் வாயைக் கடதாசியால் மறைத்துக்கொண்டு மெதுவாகப் பெயர் கேட்டார். அக்கா சும்மா இருந்தாள். குரலைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டார். சிரித்துக்கொண்டு சொன்னாள். இன்னும் சற்றே உயர்த்தினார். “ஏன் டொக்டர் கத்துறீங்கள்?” என்று கண்கலங்கினாள்.

“எதை நம்புறது டொக்டர்?” என்றார் அப்பா.

“ரெண்டையும் நம்புங்கோ. சத்தம் பெரிசோ சின்னனோ எண்டு சொல்லுறது உள்ளுக்கை இருக்கிற நரம்பின்ர துடிப்பு. பிள்ளைக்குச் சின்னச் சத்தத்துக்கு அது துடிக்குதில்லை. ஒரு எல்லை தாண்டினால் ஒரேயடியாப் பாய்ஞ்சு எங்களுக்குத் துடிக்கிறமாதிரியே துடிக்கும், சிலவேளை அதைவிடவும். நடுவில கொஞ்ச இடந்தான் இருக்கு. அதுக்குள்ள நிண்டு கதையுங்கோ.”

எனக்கு அப்படியொரு நரம்பு இல்லையே என்றுதான் நான் ஏங்கினேன்.

அப்பா அந்த இடத்தைத் தேடத் தொடங்கினார். பின்னேரங்களில் அவர் குரலை ஏற்றி இறக்குவார். அக்கா கையை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டுவாள். கடைசியில் ஒரு குரல் அகப்பட்டது. கத்தலுமில்லை, மெல்லியதுமில்லை, ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைப்பதுபோன்ற குரல். கப்பல்காரர்களின் கதைகளையெல்லாம் அதிலேதான் அவளுக்குச் சொன்னார்.

“எனக்கும் அந்தக் குரலிலை சொல்லுங்கோ அப்பா” என்றேன் ஒருநாள்.

“உனக்கென்னத்துக்கு? உனக்கு எப்பிடிச் சொன்னாலும் கேக்குந்தானே” என்று சிரித்தார். அன்று நான் சாப்பிடவில்லை.

கிணற்றடியில் நின்று அப்பா ஒருமுறை பெயரைச் சொன்னால் போதும், வீட்டின் எந்த மூலையிலிருந்தும் நான் ஓடிவருவேன். அக்காவைக் கூப்பிட வேண்டுமென்றால் யாராவது எழுந்து வந்து அவள் முன்னால் நிற்க வேண்டும். அப்படி ஒருவர் வரும்வரைக்கும் ஒரு பேச்சும் எட்டாமல் அவள் காத்திருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.