முத்துவின் மூச்சும் என் தைலமும்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால். கண்டியில் தூறல், பில் புத்தகம்கூட நமுத்துப்போகும் குளிர். கடையைத் திறந்து கூண்டின் துணியை விலக்கினேன். முத்து மூலையில் உருண்டையாகக் குந்தியிருந்தது. மூக்கைச் சுற்றிச் சிவப்பு. மூச்சு இழுக்கும்போது இரண்டு விலாவும் உள்ளே போயின.

முத்து வெள்ளை எலி. தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றபின், வளர்ப்பு மீன் விற்கும் இந்தக் கடையில் கணக்கு எழுத வந்தேன். அந்த வாரம் விற்பனைக்கு வந்த ஐந்து எலிக்குஞ்சுகளில் மிஞ்சியது இது. நான்தான் காசு கொடுத்து எடுத்தேன். ஆக, அது என் எலி. ஆனால் தொட்டி கழுவும் நவாஸ் உள்ளே வந்தால்தான் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கும். நான் பட்டாணி நீட்டினால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். இரண்டு வருடமாக இதே கதை.

நவாஸ் வந்து பார்த்துப் பதறினான். "யா அல்லாஹ், ரத்தமா? கிடங்குல வச்ச எலிமருந்த திண்டிருச்சோ, ஐயா?"

"வச்சது எட்டுக் கட்டி. எட்டும் இருக்கு, எண்ணிட்டேன்."

குளிருக்குச் சளி என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குச் சளி என்றால் யூகலிப்டஸ் தைலம்தான். முழங்காலுக்கு நான் தினமும் பூசும் போத்தல் மேசையில் இருந்தது. நவாஸ் கை வைக்குமுன் நான் குணப்படுத்திவிட வேண்டும் என்று, கூண்டுத் துணியில் ஆறு சொட்டு விட்டேன். பத்து மணிக்குள் முத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

திரீவீல் ஆட்டோவில் மிருக வைத்தியரிடம் போனோம். கூண்டு நவாஸின் மடியில்.

வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பெண். "ஐயா, இது ரத்தமில்லை. எலிக்குச் சுகமில்லாம வருத்தம் வந்தா மூக்காலயும் கண்ணாலயும் இப்பிடித்தான் சிவப்பா வடியும். நெஞ்சில சளி கட்டியிருக்கு. அதென்ன மணம்?"

"தைலம், டொக்டர். சளிக்கு..."

"ஐயோ! கடும் மணம் பட்டா மூச்சு இன்னும் இறுகுமெல்லோ. உங்கட கையிலயும் அதே மணம். எலி உங்களிட்ட வாறதோ?"

"வராது டொக்டர். எங்கிட்டத்தான் வரும்," என்றான் நவாஸ். அவனை யாரும் கேட்கவில்லை.

வயது போன எலி, இரண்டு நாள் தாண்டினால் பிழைக்கலாம் என்றார். பத்து நாள், காலையும் மாலையும் மருந்து. தைல வாடை இல்லாத, சூடான வீடு. என் வீட்டில் போர்வை, சால்வை, கதிரை எல்லாவற்றிலும் அந்த வாடைதான். கூண்டை நவாஸிடம் கொடுத்தேன். திருப்பித் தருவானா என்ற யோசனை அப்போதே வந்தது.

அன்றே தைலத்தை நிறுத்தினேன். முழங்கால் கத்தியது. தினமும் கடை மூடியதும் கட்டுகஸ்தோட்டையில் அவன் வீட்டுக்குப் போவேன்.

"ஐயா எங்களப் பாக்க வந்தீங்களா, எலியப் பாக்க வந்தீங்களா?" என்பாள் அவன் மனைவி.

"மருந்து சரியாக் குடுக்கிறானான்னு பாக்க வந்தேன்மா."

சரியாகத்தான் கொடுத்தான். மசித்த வாழைப்பழத்தில் மருந்தைக் கலந்து நீட்டுவான். முத்து அவன் சட்டைக் கையில் ஏறி நின்று நக்கும். மூன்றாம் நாள் மூச்சு சீரானது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சட்டைக் கையை என்னால் பார்க்க முடியவில்லை.

எட்டாம் நாள் மாலை, நவாஸ் தொழுகைக்கு உள்ளே போனான். நான் மூன்று தரம் கை கழுவிவிட்டு, மருந்துப் பழத்தை விரலில் எடுத்து நீட்டினேன். முத்து வந்தது. முகர்ந்தது. திரும்பவில்லை. இரண்டு கைகளாலும் என் விரலைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் நக்கியது.

நவாஸ் திரும்பி வந்தான். "தின்னிச்சா?"

"என் கையால தின்னுச்சு."

"நல்ல பசி போல, ஐயா."

எலி வளர்ப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மூச்சு வாங்கினால் தைலம், ஊதுபத்தி, கொசுவுக்குக் கொளுத்தும் நுளம்புத்திரி எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். பத்து நாள் முடிந்ததும் நவாஸ் கூண்டைத் திருப்பித் தந்தான். முத்து அதன்பின் ஐந்து மாதம் என் மேசையருகே இருந்தது.

டொக்டர், மருந்து, அன்றைய திரீவீல்: 4,750 ரூபாய். கட்டுகஸ்தோட்டைக்குப் பத்து நாள் திரீவீலில் போய்வர 9,000. பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் நவாஸ் பஸ்ஸில்தான் போவான். அவனுக்கு முன்னால் நான் முத்துவிடம் போய்ச்சேர வேண்டுமே. மொத்தம் 13,750 ரூபாய்.