மழைக்கு முன் உயரும் கல்

குரங்கணிக்கு மேலே, தார்ரோடு முடியும் இடத்தில், தகரம் வேய்ந்த ஒரு சின்ன அறை இருக்கிறது. மலையேற வருகிறவர்களைக் கூட்டிப்போகும் ஒரு தனியார் கம்பெனியின் அறை அது. அனுசியா அங்கே வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆண்கள் நாலு பேர் கூடி நின்றால் அவளுக்குக் குரல் தொண்டையைத் தாண்டாது. கண் மட்டும் எதையும் விடாது.

அந்த மலையில் ஒரே பாறைக்குப் போடிக்காரர்கள் ஒரு பேர் சொல்வார்கள், ஏலத்தோட்டத்தில் மலையாளம் கலந்து பேசுகிறவர்கள் வேறொரு பேர் சொல்வார்கள். இந்தக் குழப்பத்தில் ஒருமுறை காணாமல்போன ஒருவரை வேறெங்கோ தேடியதால், கம்பெனி ஒரு விதி போட்டது. வாக்கிடாக்கியில் பேசும்போது இடத்தின் பேர் வேண்டாம், கருவியில் தெரியும் உயரத்தை முதலில் சொல்ல வேண்டும்.

கையடக்கமான அந்தக் கருவிகளைக் காலையில் சரிசெய்து கொடுப்பது அனுசியாவின் சோலி. வாசல் கல்லில் 640 என்று பெயிண்டால் எழுதியிருந்தது. கடல்மட்டத்திலிருந்து அத்தனை மீட்டர். கருவியைக் கல்மேல் வைத்து, அது காட்டும் எண்ணை 640-க்குத் திருத்துவாள்.

கருவி உயரத்தை இரண்டு விதமாகச் சொல்லும். செயற்கைக்கோளைக் கேட்டுச் சொல்வது ஒன்று. காற்றின் கனத்தை அளந்து சொல்வது இன்னொன்று. மேலே போகப் போகக் காற்று லேசாகும், அதை வைத்து ஒரு கணக்கு. அடர்ந்த மரங்களுக்குள் செயற்கைக்கோள் எண் நிலையில்லாமல் தாவும் என்பதால் வழிகாட்டிகள் காற்று எண்ணையே நம்பினார்கள்.

அனுசியா ஒன்றைக் கவனித்திருந்தாள். வெயில் நாளில் முந்தின நாள் வைத்த எண் கொஞ்சந்தான் பிசகியிருக்கும். பெருமழை வருவதற்கு முன்னால் அதே கல் நாற்பது, ஐம்பது மீட்டர் உயர்ந்துவிடும். காற்று லேசானால் போதும், ஆள் மேலே ஏறிவிட்டதாகக் கருவி நினைத்துக்கொள்ளும். இதை அவள் தன் புருஷன் சின்ராசுவிடம் மட்டும் சொன்னாள். அவனும் அங்கே வழிகாட்டி.

"கல்லு வளருதா? ஏலத்துக்கு வச்சிருந்த உரத்தை இதுக்குப் போட்டுட்டியா புள்ள?"

"சிரிக்காதீங்க மாமா. நெசமாத்தான்."

அந்த ஐப்பசியில் வங்கக்கடலில் புயல் என்றார்கள். மலையேற யாரும் வரவில்லை. மழைக்கு முன்னால் பாதையைப் பார்த்துவரச் சின்ராசு தனியே போனான். காலையில் அவன் கருவியை அவள்தான் கல்மேல் வைத்து 640 ஆக்கிக் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு வாக்கிடாக்கி இரைந்தது. "ஆயிரத்து நானூத்தி அறுபது... பாறை உருண்டு கால்மேல... ரத்தம் நிக்கல..." அத்தோடு அடங்கிவிட்டது.

மேனேஜர் யோகராஜ் வரைபடத்தை விரித்தார். அந்தச் சரிவில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பாதைகள் உண்டு. கீழ்ப்பாதை ஆயிரத்து நானூறில். மேல்பாதை ஆயிரத்து நானூற்று அறுபதில். "மேல்பாதைதான். வெரசாக் கெளம்புங்க."

அனுசியா வாசலுக்கு ஓடினாள். காலையில் அவள் திருத்திவைத்த இன்னொரு கருவி கல்மேலேயே கிடந்தது. 698 என்று காட்டியது. கல் ஏறக்குறைய அறுபது மீட்டர் உயர்ந்திருக்கிறது என்றால், அவனும் சொன்னதைவிட அறுபது மீட்டர் கீழேதான் இருக்கிறான்.

அதை எடுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணே, இது கூடுதலாக் காட்டுது..."

"ஏய், அனுசியா வாயத் தொறந்துருச்சுப்பா!" என்றான் பாண்டியராஜ் என்கிற வழிகாட்டி. பதற்றத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

யோகராஜ் கருவியை வாங்கித் திரையை மாற்றினார். செயற்கைக்கோள் எண் வந்தது: 637. "இந்தா, சரியாத்தான இருக்கு? பயப்படாத தங்கச்சி. கொண்டாந்துருவோம்."

அது செயற்கைக்கோள் எண், மாமா பார்த்துச் சொன்னது காற்று எண் என்று சொல்ல வேண்டும். முழு வாக்கியமும் அவளுக்குள் தயாராக இருந்தது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர்கள் போனார்கள்.

மழை பிடித்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து, "மேல்பாதை முழுக்கப் பாத்துட்டோம், ஆளக் காணோம்" என்று பாண்டியராஜின் குரல் வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் ஜீப்பு டிரைவர் சுருளியின் முன்னால் போய் நின்றாள்.

"கீழ்ப்பாதைக்கு வாங்கண்ணே. அங்கதான் கெடக்காரு."

சுருளி ஏன் என்று கேட்கவில்லை. மண்பாதையில் ஜீப்பு போகும் மட்டும் போய், மிச்சத்தை ஓடிக் கடந்தார்கள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் சின்ராசுவைக் கண்டார்கள். தொடைக்குக் கீழே பாறை. வேட்டியைக் கிழித்துக் கட்டியிருந்தான். உதடு வெளுத்திருந்தது.

"மேல போனாங்க புள்ள," என்றான். "பாண்டி சத்தம் கேட்டுச்சு. கத்துனேன். மழையில கேக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "ஏன் மேல போனாங்க? நான் சரியாத்தான சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னீங்க மாமா."

குரங்கணி வருவதற்குள் ஜீப்பிலேயே அவன் கை குளிர்ந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், சிலமலையில் இருந்த அவள் வீட்டுக்கு யோகராஜ் ஒரு காகிதத்தோடு வந்தார். கம்பெனி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம், ஒரு கையெழுத்து வேண்டுமாம். அனுசியா எழுத்துக்கூட்டிப் படித்தாள். வழிகாட்டி உயரத்தைத் தவறாகச் சொன்னதால் தேடுதல் தாமதமானது என்று இருந்தது.

"அவரு தப்பாச் சொல்லல."

"பின்ன என்னன்னு எழுதட்டும் தங்கச்சி?"

அன்று மூன்று மணிக்குச் சொல்லாமல் விட்ட வாக்கியம் அவளுக்குள் ஒரு சொல் குறையாமல் அப்படியே இருந்தது. காற்று எண், செயற்கைக்கோள் எண், புயலுக்கு முன் உயர்கிற கல், கீழ்ப்பாதை. நிதானமாகச் சொன்னாள். யோகராஜ் காகிதத்தை மடித்துக்கொண்டு, குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். அவருக்கு எல்லாம் விளங்கியது.

சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.