மூணு தரம் கூப்பிடோணும்

எங்க ஆஸ்பத்திரி ரேடியோவுல மூணே பேருங்க. சம்பளம் கிடையாது, மத்தியானம் ஒரு டீ உண்டு. கல்யாணங்களுக்கு மைக்செட் போட்டுட்டு இருந்த செல்லமுத்து மெஷினைப் பாத்துக்குவார். நான் வார்டு வார்டாப் போயி, யாருக்கு என்ன பாட்டு வேணும்னு கேட்டுட்டு வருவேன். மைக்குல பேசறது சித்ரா. ராசிபுரத்துக்கு இந்தப் பக்கம் அப்படி ஒரு குரல் கிடையாதுங்க. எனக்கே பொறாமைதான், சொல்றதுக்கென்ன.

சித்ரா சேந்தமங்கலத்துக்காரி. பருத்தி ஏலத்துல மைக்கைப் பிடிச்சு, விவசாயிங்க பேரைக் கூப்பிட்டே காலத்தை ஓட்டினவ. ஊரான் பேரெல்லாம் வாயில வரும், கட்டினவன் பேரு மட்டும் வராது. ரேசன் கடையில ஊட்டுக்காரர் பேரென்னன்னு கேட்டா கார்டை நீட்டுவாளே தவிர வாயைத் திறக்கமாட்டா. பேரைச் சொன்னாப் புருசனுக்கு ஆயுசு குறையுமாம். "அதெல்லாம் உன்ற ஆத்தா காலத்தோட போச்சு புள்ள"ன்னு எத்தனையோ தடவை வைஞ்சிருக்கறேன். சிரிச்சுக்குவா.

ரேடியோ ஆரம்பிச்ச புதுசுல ஒரு கூத்து. "ஆம்பளைங்க வார்டு தமிழரசு, உங்க பாட்டு வருது"ன்னு இவ ஒரு தரம் கூப்பிட்டா, அந்தாளு போர்வையை இழுத்துத் தலையோட மூடிக்கிட்டார். ஆள் தெரியாமக் கூப்பிடற குரலுக்கு முதல் தரமே யாரு பதில் சொல்லுவா? மனுசன்னா மறுபடியும் கூப்பிடுவான். மத்தது, அதான் காத்து கருப்பு, ஒரு தரந்தான் கூப்பிடும், "ஏன்"னு பதில் குடுத்தாக் கையோட கூட்டிட்டுப் போயிரும். அதும் ஆஸ்பத்திரியில. அன்னையிலிருந்து எந்தப் பேரையும் மூணு தரம் கூப்பிடறதுன்னு வெச்சுக்கிட்டோம்.

போன தை மாசம் சித்ராவோட புருசன் நாச்சிமுத்து, லாரி டிரைவரு, மூளையில ரத்தக் குழாய் வெடிச்சு எங்க ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தார். கண்ணே திறக்கலை. பழகின குரல்ல பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னாங்க டாக்டரம்மா. இவளானா காதுக்கிட்டக் குனிஞ்சு "ஏனுங்க, ஏனுங்க"ங்கறா. விடிஞ்சுது போ, அந்த வார்டுல எத்தனை ஏனுங்க! அவரோட அண்ணன் அருணகிரி முடிவாச் சொல்லிட்டார்: வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறது, ஒரு அசைவும் இல்லைன்னா ஊட்டுக்குக் கொண்டு போயிர்றது. ஊட்டுக்குன்னா எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலையில சித்ரா எங்கிட்ட வந்தா. "பெருமாயக்கா, இன்னைக்கு மைக்குல அவர் பேரைக் கூப்பிடறேன். நேர்ல வாய் வரலை. மைக்குன்னா அது வேலைதானே, சாமி கணக்குல எடுத்துக்காது"ன்னா. "கூப்பிடு புள்ள, நான் பக்கத்துல நின்னு பாத்துச் சொல்றேன்"ன்னேன்.

மத்தியானம் அவர் கட்டிலோரம் போய் நின்னேன். ஸ்பீக்கர்ல கொர்ருன்னு ஒரு சத்தம். அப்பறம் சித்ரா குரலு, தெளிவா, "நாச்சிமுத்து"ன்னுச்சு.

ஒரே தரந்தான். அடுத்ததுக்குக் காத்திருக்கறேன், வரலை. அதுக்குள்ள அவர் உதடு அசைஞ்சுது. "ஏன்"னார்.

விழுந்தடிச்சு ஓடினேன். ரேடியோ ரூம் பூட்டிக் கிடக்குது. வாசப்படியில சித்ரா உக்காந்திருக்கறா.

"கரண்ட் போயிருச்சுக்கா. வார்டுக்குத்தான் ஜெனரேட்டர், நமக்கு ஏது? சாவி செல்லமுத்தண்ணன்கிட்ட இருக்குது, அவரும் இன்னும் வரலை. ஏன் இப்படி ஓடியாறீங்க?"

மறைக்க முடியுமா? கேட்டதைக் கேட்டபடி சொன்னேன்.

"பதில் சொல்லிட்டாராக்கா?"

"சொல்லிட்டார்."

"அப்ப மிச்ச ரெண்டையும் நான் கூப்பிட்டுட்டா, மூணும் நான் கூப்பிட்டதாத்தானே ஆகும்?"

எம்பதிலுக்குக் காத்திருக்கலை, எந்திரிச்சு ஓடினா. நானும் பின்னாலயே போனேன். கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, தாலி ஏறின நாள்லயிருந்து சொல்லாத பேரை வாய்விட்டுச் சொன்னா. "நாச்சிமுத்து." பக்கத்துக் கட்டில்காரங்க திரும்பிப் பாத்தாங்க. ஏலத்துல கூப்பிடற மாதிரி இன்னொருக்கா சொன்னா, "நாச்சிமுத்து."

அவர் கண்ணைத் திறந்தார். இவ அழுதுக்கிட்டே அவர் கையைப் பிடிச்சுக் குனிஞ்சா. அவர் அவ முகத்தை ரொம்ப நேரம் பாத்தார். அப்பறம் கையை மெதுவா உருவிக்கிட்டார்.

"யாரம்மா நீ? சித்ரா எம்பேரைச் சொல்லமாட்டாளே."